பதினோரு மாத ஊர்க்காரர்கள்

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மல் 6ஆவது வார்டில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். கிராமத்துக்குக் கிராமசபை இருக்கிறதே, நகரத்துத் தெருக்காரர்களும் கூடிச் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டாமா என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. அந்தச் சபையில் உறுப்பினர் யார் என்று பார்த்தால், அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் மாடி போர்ஷன்களில் குடியிருக்கும் இளைஞர்களில் பலருடைய பெயர் இன்னும் சங்கரன்கோவிலிலும் பெரம்பலூரிலும் ஆம்பூரிலும்தான் இருக்கிறது. அவர்கள் மிதிக்கும் சாக்கடை இங்கே. அதைப் பற்றிப் பேசும் உரிமை எங்கோ தொலைவில், சொந்த ஊரில்.

நிர்வாகக் குறை என்று சொல்லி இதைக் கடந்துபோகப் பலரும் விரும்புவார்கள். நாம் இதை அநீதி என்றே சொல்கிறோம். ஒரு குடியிருப்பில் பாதிப் பேரை, சில தெருக்களில் பாதிக்கு மேற்பட்டோரை, வாடகை வாங்கிக்கொண்டே விருந்தாளியாக வைத்திருக்கும் வழக்கம் தென்சென்னைப் புறநகரில் நிலைபெற்றுவிட்டது. அதை நடத்துபவர்கள் கொடியவர்கள் இல்லை. பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள், பிள்ளையார் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள், ஏரியைக் காக்க மனு எழுதியவர்கள். அதனாலேயே இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாம்பரம் ஒரு காலத்திலும் மண்ணின் மைந்தர்களால் மட்டும் நிறைந்த ஊராக இருந்ததில்லை. 1928இல் டாக்டர் சவரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சானடோரியத்தைத் தொடங்கினார். மாதக்கணக்கில் தங்கிப் போகிறவர்கள் வந்தார்கள். 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது, மாணவர்கள் வந்தார்கள். விமானப்படை நிலையம் வந்தது. 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. தையல் மெஷினுக்கும் மின்னணுப் பலகைக்கும் முன்னால் உட்கார ஊர் ஊராகப் பெண்கள் வந்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர்கள் யார்? மேற்கு மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள். பத்து குடும்பத்துக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை, மாடியில் வீட்டுக்கார அம்மாளின் முகச்சுளிப்பு என்று வாழ்ந்து, அது இனி வேண்டாம் என்று ரயிலேறி வந்தவர்கள். இன்று அவர்கள் வீட்டு வாசலில்தான் "டு-லெட், ஃபேமிலி ஒன்லி" தொங்குகிறது. பட்ட பாட்டை மறந்தவர் மீது கோபப்படலாம். நினைவில் வைத்துக்கொண்டே அதை அடுத்தவருக்குச் செய்பவரை என்ன சொல்வது?

இன்றைய தெருவைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஓனர், மேலே இரண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பக்கத்துப் பிளாட்டில் ஓனர் நியூ ஜெர்சியில், வாட்ச்மேன்தான் அரசாங்கம். சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் கம்பெனி கேப்பில் போகிறவர்கள், பொத்தேரியிலும் சேலையூரிலும் படிக்கிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் ஷிப்டு பஸ்ஸுக்காக விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கிறவர்கள், ஸ்விக்கி பை முதுகில் ஏற்றியவர்கள், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். பெரும்பாலும் முப்பது தாண்டாத வயது. பொங்கலுக்கு முந்தைய இரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் முண்டியடிக்கும் கூட்டம் இதுதான். மறுநாள் காலை பல தெருக்களில் கோலம் போட ஆளிருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்திய நகரங்களில் 27.5 சதவீதக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. தமிழக நகரங்களில் அது அதைவிடக் கணிசமாக அதிகம். அதற்குப் பின் இந்தப் பகுதியில் முளைத்த கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் அத்தனை பேரையும் கட்டி வைத்திருக்கும் தாள் ஒன்று உண்டு. பதினோரு மாத ஒப்பந்தம். ஏன் பதினோரு மாதம் என்று கேட்டால் "அப்படித்தாங்க வழக்கம்" என்பார் புரோக்கர். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க யாரோ கண்டுபிடித்த வழி நூறாண்டு மரபாகிவிட்டது. பலருக்கு அந்தத் தாளும் கிடையாது. வாய்ப்பேச்சு, கூகுள் பேயில் அட்வான்ஸ், சாவி. அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் மாறி ஆண்டுகள் ஆகின்றன. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் தமிழகச் சட்டமன்றம் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டத்தை இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பதினோரு மாதமோ பதினோரு ஆண்டோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். ஓனர் குடியிருப்பவரின் வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. நல்ல சட்டம்தான். ஜி.எஸ்.டி. சாலைக்கு இரண்டு பக்கமும் உள்ள டு-லெட் போர்டுகளில் பத்து எண்ணுக்கு அழைத்து, "சார், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் அதற்குப் பிறகும் பேச்சைத் தொடர்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதையே குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணமாக இந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற உத்தரவு கேட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை குவிந்தன. ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பவர் பெரும்பாலும் ஓனர். எழுதாததற்காக வீதிக்கு வருபவர் குடியிருப்பவர். சட்டத்தை எழுதியவர்கள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புவோம். ஆனால் மறுத்தவர் யார் என்று பார்க்காத விதியைத் திருத்துவதற்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை என்றால், அரசுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

வீட்டுக்காரர்களின் பயத்தை நாம் அறியாமல் இல்லை. பழைய சட்டத்தின் காலத்தில் திருவல்லிக்கேணியிலும் பாரிமுனையிலும் நூறு ரூபாய் வாடகைக்கு மூன்று தலைமுறை உட்கார்ந்த கதைகள் ஏராளம். அப்பா போட்ட வழக்குக்கு மகன் தீர்ப்பு வாங்கினார். அந்தப் பயம் உண்மையான அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சட்டமே இப்போது இல்லை. வாடகைக்கு வந்தவர் அங்கே இருக்கும்வரை ஓனரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. "என் வீட்டு அட்ரஸ்ல ரேஷன் கார்டு எடுத்தா நாளைக்கு வீட்டையே கேப்பாங்க" என்று சொல்லும் பெரியவருக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மின்கட்டண ரசீதின் நகலைத் தர மறுத்தால், அதற்குப் பெயர் பயம் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது 2017 சட்டத்தின் பொது விதி; இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறார்கள். வீடு தேடி அலையும் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வான்? விலக்கே விதியாகிவிட்டது. மாதம் 12,000 ரூபாய் வாடகை. பழைய சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000. இரக்கமுள்ளவர் ஐந்தாறு மாதத்தில் நிறுத்துவார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. முதல் வேலையில் சேர்ந்தவனுக்கு ஊரில் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனால்தான் சாவி கையில் வரும். காலி செய்யும்போது, ஆணி அடித்தானோ இல்லையோ, பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை கழியும். மீதியும் "அடுத்த ஆள் வந்ததும் தரேன்" என்று இழுக்கும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்தவர் பணத்தை வட்டியில்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, கேட்கும்போது அலையவிடுபவரை மற்ற எந்தத் தொழிலிலும் நாம் நாணயஸ்தர் என்று சொல்வதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஹெடிங்லி என்றொரு பகுதி. பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு நிறைந்து, வீடுகளெல்லாம் அறை அறையாகப் பிரிந்தபோது, அங்கிருந்த பழைய குடிகளும் ஊர் போய்விட்டது என்று ஆண்டுக்கணக்கில் குமுறினார்கள். குப்பை, நள்ளிரவுச் சத்தம், விடுமுறையில் வெறிச்சோடும் தெரு. நம் கேம்ப் ரோட்டில் கேட்கும் அதே புகார்கள்தான். அந்த நாட்டுச் சட்டம் இரண்டு பக்கமும் கை வைத்தது. ஒரே குடும்பமல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தால் ஓனர் உரிமம் எடுக்க வேண்டும். 2007 ஏப்ரல் முதல், அங்கே சாதாரணமாக எழுதப்படும் வாடகை ஒப்பந்தங்களில் வாங்கும் அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். பிடித்தம் பற்றித் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார். 2019இல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு என்றார்கள். காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் அதிகாரத்தை நீக்க 2025இல் தனிச்சட்டமே வந்தது. அங்கேயும் வாடகை கொள்ளையாகத்தான் இருக்கிறது. சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்து ஓனரின் மகள் அங்கே படிக்கப் போனால் அவள் கட்டிய பணத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அவள் அப்பாவின் மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண்ணின் பணம் அப்பாவின் நல்ல மனதை நம்பி இருக்கிறது.

மின்சாரத்தில் நடப்பது இதைவிடச் சின்னது, ஆனால் அசிங்கமானது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு எல்லா வீட்டு இணைப்புக்கும் மானியம் தருகிறது. அதற்கு மேலும் படிப்படியாகத்தான் கட்டணம் ஏறும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷனுக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கும் ஓனர், குடியிருப்பவருக்கு என்று அரசு கொடுத்ததை நடுவில் நின்று வாங்கிக்கொள்கிறார். கோயில் உண்டியலில் கை விடத் தயங்குகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

யாருக்கு வீடு என்ற கேள்வி இன்னும் கசப்பானது. பேச்சிலர் வேண்டாம். தனியாக இருக்கும் பெண் வேண்டாம். அப்படியே கொடுத்தாலும் இரவு பத்து மணிக்கு கேட் பூட்டப்படும், ஐ.டி. கம்பெனியின் ஷிப்டு முடிவதே பதினொன்றுக்குத்தான் என்றாலும். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "இப்பதாங்க வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு." சுத்த சைவம் மட்டும். "எந்தப் பக்கம் தம்பி? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தோண்டும் விசாரணைக்கு மதுரைக்குத் தெற்கே இருந்து வருகிறவர்கள் நன்றாகவே பழகியிருக்கிறார்கள், இங்கே வந்தால் அது முடிந்துவிடும் என்று நம்பியவர்கள் அவர்கள். கடையிலும் கிணற்றிலும் குளத்திலும் பாகுபாடு கூடாது என்று அரசமைப்பின் 15ஆவது கூறு சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்ட நம்மிடம் அதிகமில்லை. ஆனால் பெரியார் சிலைக்கு மாலை போடும் கட்சிகள் மாறி மாறி ஆளும் மாநிலத்தில், வாடகைச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதைக் குறித்துவைக்கிறோம்.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. 2012 ஜனவரி 23 அன்று பெருங்குடியில் ஒரு வங்கி பட்டப்பகலில் கொள்ளை போனது. பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையில் இன்னொன்று. 23ஆம் தேதி விடியுமுன் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், இந்தக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட வட மாநிலத்தவர் ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அந்த மோதல் நடந்த விதம் பற்றி மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகள் தனிக் கதை. அதையடுத்து, வீட்டு உரிமையாளர்கள் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓனர்கள் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். இந்தி பேசியவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். குடியிருப்பவரின் பெயரை ஒரு பதிவேட்டில் ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. காவல் நிலையத்துக்கு என்றால் சில வாரங்களில் ஏறியது. உரிமை தரும் பதிவேடுகளான வாடகை அதிகாரி அலுவலகம், ரேஷன் கடை, வாக்காளர் பட்டியல் என்றால் மட்டும் நகல் இல்லை, நேரம் இல்லை, வழக்கம் இல்லை. சந்தேகத்துக்கு மட்டும் முகவரி கொடுத்துவிட்டு உரிமைக்கு முகவரி மறுப்பதை, அநீதி என்பதைத் தவிர வேறு எந்தப் பெயரிட்டும் அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

மழை வந்தால் இதன் விலை தெரியும். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 49 சென்டிமீட்டர். அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் ஓடியது. மாடியிலிருந்து மக்களைப் படகில் இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்கள் மறுபடி மூழ்கின. இந்தப் பகுதிகளில் வசதியுள்ள ஓனர் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே ஏறிக்கொள்வதைப் பார்க்கலாம். வீடு பார்க்க வருகிறவரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் அந்த ஒரு வருஷம்தான்" என்ற பதில் தயாராக இருக்கும். சுவரில் நீர் நின்ற கோட்டின் மேல் புதுப் பெயிண்ட் அடித்திருக்கும். எந்தத் தண்டனையும் இல்லாத மோசடி இது. பழைய வண்டியை விற்பவர் விபத்தை மறைத்தால் சண்டைக்குப் போகிற நாம், வீட்டில் நீர் புகுந்ததை மறைப்பவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நன்றி சொல்கிறோம்.

மிக்ஜாமுக்குப் பின் அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து. உள்ளூர் ரேஷன் அட்டை இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மாடியில் இருந்த ஓனருக்குக் கையில் டோக்கன். கீழே படுக்கை, பிரிட்ஜ், சான்றிதழ் எல்லாம் நனைந்து நின்றவருக்கு விண்ணப்பப் படிவம். அந்த அட்டையை இந்த முகவரிக்கு மாற்றத் தேவைப்பட்டது வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தாள்.

வாக்குக்கு வருவோம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் தமிழகத்தில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் போனவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். பின்னர் படிவம் கொடுத்துப் பலர் திரும்பச் சேர்ந்தார்கள். இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கியது சரியே. ஆனால் வீடு மாறியதால் பெயர் போனவர்களைப் பாருங்கள். வாடகை ஏற்றியதால் சேலையூரிலிருந்து அகரம்தென்னுக்கும், அங்கிருந்து ஊரப்பாக்கத்துக்கும் தள்ளப்பட்டவர்கள் அதில் எத்தனையோ. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முகவரி மாறும் மனிதனை, அலுவலர் வந்தபோது வீட்டில் இல்லை என்று எழுதுவது சுலபம். இதே மாவட்டத்தின் சோழிங்கநல்லூர், தமிழகத்திலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட தொகுதியாக இருந்தது. அங்கே வாக்குப்பதிவு குறைவு என்று ஒவ்வொரு தேர்தலிலும் "ஐ.டி. பசங்களுக்கு அக்கறை இல்லை" என்று தொலைக்காட்சியில் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

குடியிருப்போர் நலச் சங்கம் என்ற பெயரை எவ்வளவு பெருமையாக வைத்துக்கொள்கிறோம்! பெரும்பாலான சங்கங்களில் குடியிருப்போர் உறுப்பினராக முடியாது. வீடு வைத்திருப்போர்தான் ஆகலாம். மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது குடியிருப்பவர். லிப்ட் எப்போது ஓட வேண்டும், மோட்டார் எத்தனை மணிக்கு, விருந்தினர் வண்டி எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பது சிட்னியில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டும் ஓனர். பொங்கல் விழாவுக்குச் சந்தா கேட்கும்போது மட்டும் எல்லாரும் ஒரே குடும்பம்.

குடியிருக்கும் இளைஞர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிரியாணி டப்பாவை முனைத் தொட்டியில் போடாமல் காலி மனையில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு மொட்டை மாடியில் பிறந்தநாள் கேக் வெட்டி, கீழே இன்சுலின் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் முதியவரின் தூக்கத்தைக் கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்து சங்கு ஊதும்போது இயர்போனைக் கழற்றாமல் கடந்து போனவனைப் பற்றி ஒரு தெருவே பேசிக்கொண்டிருந்தது. படிக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி செய்யும்போது மட்டும் நியாயம் பேசுகிறவர்களும் உண்டு. வீடு மாறியதும் படிவம் 8 கொடுத்து வாக்கை மாற்றிக்கொள்ள இப்போது கைப்பேசியே போதும். அரை மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. இதையெல்லாம் சொல்கிற அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும்: அடுத்த வருடம் இருப்பேனா என்று தெரியாத தெருவில் வேப்பங்கன்று நடச் சொல்வதற்கு நமக்கு என்ன தகுதி? குற்றத்தை எடைபோட்டால் இவர்கள் தட்டு மேலேதான் நிற்கும்.

பெரிய குற்றவாளி, தெரிந்தே எழுதித் தர மறுக்கும் வீட்டுக்காரர். அடுத்தது, சட்டம் இயற்றிவிட்டு அதைத் தேடி மக்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் அரசு. விடுதிகளில் இதே கதைதான்: பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இலேயே சட்டம் வந்துவிட்டது, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து பி.ஜி.க்களில் எது பதிவானது என்று உள்ளே தங்கியிருக்கும் பெண்ணுக்கே தெரியாது. அரசால் முடியாது என்று சொல்லவும் முடியாது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது தமிழக அரசுதான். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் நடக்கின்றன. வாடகை குறைவு, பாதுகாப்பு அதிகம். ஆனால் விடுதி கட்டுவது வீட்டுக்காரரிடம் சட்டத்தைப் பேசுவதற்கு மாற்றாக முடியாது. விடுதியில் எல்லாரும் வாழ முடியாது. கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், ஊரிலிருந்து அம்மா வந்து தங்குவார்.

ஆகவே, வாடகை அதிகாரியின் பதிவை மாநகராட்சியின் ஐந்து மண்டல அலுவலகங்களுக்கும் கொண்டுவர வேண்டும். ஜூனில் பள்ளியும் கல்லூரியும் திறக்கும் முன் வீடு மாறும் மாதங்களில் வார்டுதோறும் முகாம் போட வேண்டும். பதிவெண் உள்ள ஒப்பந்தம் ஒன்றே ரேஷன் அட்டைக்கும் எரிவாயுவுக்கும் வாக்காளர் மாற்றத்துக்கும் போதும் என்று ஆணையிட்டால் வீட்டுக்காரரிடம் நகலுக்குக் கையேந்தும் நிலை போய்விடும். அட்வான்ஸுக்கான மூன்று மாத விதியில் உள்ள அந்த விலக்கை நீக்க வேண்டும். நீர் புகுந்த வீடு என்றால் ஒப்பந்தத்தில் அதை எழுத வேண்டும். எழுத்து ஒப்பந்தம் மறுத்தவர் ஓனர் என்றால், அதைக் காரணம் காட்டி அவர் வெளியேற்ற உத்தரவு கேட்க முடியாதபடி 21ஆவது பிரிவைத் திருத்த வேண்டும்.

பதிவு வேண்டும் என்று குடியிருப்பவர் கேட்டால் வீடு கிடைக்காது. இது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கேட்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. ஒரே கதவு எண்ணில் ஒரே பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்ற பட்டியல் மின்வாரியத்திடம் இருக்கிறது. சொத்துவரிப் பேரேடு மாநகராட்சியிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாலு போர்ஷனுக்கு மேல் வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு முதல் நோட்டீஸ் அனுப்பலாம். ஒண்டிக்கட்டையாக ஒரு மாடியை மட்டும் விட்டுக் காலம் தள்ளும் விதவைத் தாய்மாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.